"அந்தக் கிளிகளை யார் செதுக்கினாங்க?" - பாட்டி வீட்டு வாசக்காலும் ஒரு குடும்பப் பஞ்சாயத்தும்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை இடிப்பது என்று போன தை மாதம் முடிவானது. வீடு பெரியப்பா பெயரில் இருக்கிறது. ரெண்டு மழைக்காலமாக ஒழுகி ஒழுகி, நடு அறை உத்திரம் உளுத்துப்போய்விட்டது. அதனால் இடிப்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. சண்டை வந்தது வாசக்காலுக்குத்தான்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலா மரம். புதிதாக அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும் பலா, வயதாக ஆக செம்பழுப்பாகக் கறுக்கும். எங்கள் வாசக்கால் கிட்டத்தட்ட கருப்பாகவே இருக்கும். மேல்கட்டையின் நடுவில் கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் கிளிகள், கீழே தாமரை மொட்டு வரிசை. கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் மரக் குடுமிதான் குழியில் உட்கார்ந்து சுழலும். ஆணியும் இல்லை, கட்டைக்குக் கட்டை நாக்கும் துளையுமாகப் பொருத்தியிருக்கிறார்கள். உயரம் குறைவு என்பதால், எங்கள் வீட்டுக்கு வரும் யாரும் குனியாமல் உள்ளே நுழைந்ததில்லை. பாட்டி 1961-ல் கல்யாணமாகி வந்தபோதே அது பழைய கதவுதானாம்.

பழைய மரம் வாங்குகிறவர் ஒருவர் வந்தார். முதலில் கன அடிக் கணக்கில்தான் பேசினார். விளக்கெண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்த இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தவர், சட்டென்று பேச்சை மாற்றினார். "முழுசா, உடையாம கழட்டிக் குடுத்தீங்கன்னா 40,000 தரேன்."

பெரியப்பாவுக்கு அந்தப் பணம் தேவை. தளம் போடுவதற்கே கடன் வாங்கியிருக்கிறார். "கம்பி வாங்கக் காசு இல்ல, கிளியை வெச்சு என்னம்மா பண்றது?" என்றார் என்னிடம். அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார். "வெள்ளிக்கிழமை தவறாம அம்மா மஞ்சள் பூசின வாசக்கால் அது. வித்தா நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன்." ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேலை விஷயமாகக் காரைக்குடி போனபோது முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய பொருள்களுக்குப் பேர்போன தெரு. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார், அந்த ஊர்த் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீடுகள் ஒன்றொன்றாகப் பிரிக்கப்பட, அதிலிருந்த தூண், கதவு, பெட்டி, தொட்டில், அஞ்சறைப்பெட்டி எல்லாம் இங்கே வந்து நிற்கின்றன. ஒரு வாசக்கால் கண்ணாடி மாட்டும் சட்டமாகிவிட்டது. ஒரு கதவைப் படுக்கப்போட்டுக் கால் வைத்து மேஜை ஆக்கியிருந்தார்கள். நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறையில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேஜை ஆகிவிட்ட கதவை இனி யாரும் திறக்க முடியாது இல்லையா?

பழசு எது, பழசு மாதிரி செய்தது எது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழி கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் பயன்படலாம். இடப்பக்கக் கிளியையும் வலப்பக்கக் கிளியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறகுக்கு இறகு அப்படியே இருந்தால், பெரும்பாலும் மெஷின் குடைந்தது. கையால் செதுக்கியதில் ஒரு கிளி கொஞ்சம் குண்டாக இருக்கும், ஒன்றின் மூக்கு சற்று வளைந்திருக்கும். பின்பக்கத்தையும் பாருங்கள். யாரும் பார்க்காத இடம் என்பதால் ஆசாரி அங்கே இழைத்திருக்க மாட்டார். வாச்சி வெட்டு அப்படியே தெரியும். தேய்மானமும் கை படும் இடத்தில், கால் படும் இடத்தில்தான் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

இன்னொன்று. 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆனால், ஒரு கிராமத்து வீட்டின் வாசக்கால் எந்த வருடத்தது என்று எழுதிவைத்தவர் யார்? உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகளை, முதலாம் பராந்தகன் காலத்தில், அதாவது 10-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரி வரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதுவரை இன்றைக்கும் படிக்கலாம். அது கல். மரத்தில் வேலை செய்தவர்கள் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. எங்கள் கிளிகளைச் செதுக்கியவர் யார் என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "யாரோ ஒரு ஆசாரி. நெல்லுதான் கூலியா அளந்தாங்களாம்" என்றார். அவ்வளவுதான் வரலாறு.

முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீட்டை அங்கே எப்படி மறுபடி எழுப்பியிருக்கிறார்கள் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் எல்லாக் கிராமத்து வாசக்காலும் மியூசியத்துக்குப் போக முடியாது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செதுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. எங்கள் பக்கத்திலும் தேடினால் ஆள் இருப்பார் என்று நினைத்தேன்.

இருந்தார். அத்தைதான் கண்டுபிடித்தார், 70 வயதைத் தாண்டிய ஒரு ஆசாரியை. அவர் நகத்தால் மரத்தைக் கீறிப் பார்த்தார். தட்டிக் கேட்டார். "அடிக்கட்டை மட்டும் கரையான் தின்னிருக்கு. மத்ததெல்லாம் வைரம் பாஞ்ச கட்டைம்மா. இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும்" என்றார். வாசலுக்கு உயரம் போதாது, பீரோவும் கட்டிலும் உள்ளே போகாது என்று இன்ஜினீயர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதனால் பூஜை அறைக்கு வைப்பது என்று பேச்சு வந்தது. பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "40,000-க்கு யாரு பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார். அத்தை 15,000, அப்பா 15,000, நான் 10,000 என்று பிரித்துக்கொண்டோம். என்னுடையது மூன்று தவணை.

இப்போது வாசக்கால் மாட்டுக்கொட்டகையில் செங்கல் மேல் படுத்திருக்கிறது. வார்னிஷ் வேண்டாம், வேப்பெண்ணெய் போதும் என்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாரம் ஒருமுறை பெரியப்பாதான் பூசுகிறார். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. பூஜை அறை வாசலுக்கு எத்தனை அடி விட வேண்டும் என்று கொத்தனார் கேட்க, பெரியப்பா டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாராம்.