பேசாத நோயாளி

பெரியவர் தம் நோயை வாய்விட்டுச் சொல்வர். குழந்தையோ அழும், அவ்வளவே. அவ்வழுகையின் பொருளை இளம் மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் நாள்தோறும் ஓர் இக்கட்டை எதிர்கொள்கிறோம்.

இருமலுடன் வந்த ஆறு மாதக் குழந்தை நிமிடத்திற்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுமாயின் நிமோனியா என ஐயுற வேண்டும். அழும் குழந்தையிடம் இக்கணக்குப் பலியாது. தாய் மடியில் அமைதியாக இருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணுதல் வேண்டும். பத்து மாணவர் சூழ்ந்து நின்றால் எக்குழந்தை அமைதியாக இருக்கும்? பிணியுற்ற சேயைப் பதின்மர் தொட்டுப் பார்ப்பது அறமாகுமா? தொடாமலே கற்றவர் நாளை யாரைக் காப்பர்?

ஆதலின் ஒருவரை மட்டுமே அருகில் விடுகிறோம். ஏனையோர் எட்ட நின்று காண்பர். அவ்வொருவரும் முதலில் தாயிடம் பேசுதல் வேண்டும். நோயின் வேர் பலகால் வீட்டிலன்றோ உள்ளது! சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு ஈடென்று இனிப்பூட்டிய டின் பாலை விற்பதைக் கொலையென்றே 1939-ல் கண்டித்தார். அந்த டின் பாலை மார்பில் குழாய் வைத்துக் காண இயலாது. தாயைக் கேட்டே அறியலாம்.

எழுத்தறியாதவளாயினும் தாயே முதற் சாட்சி. அவளை அதட்டும் மாணவர் பரீட்சையில் தேறலாம், மருத்துவர் ஆகார்.