ஈரநிலத்தின் சிறு மலர்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியில், நாலந்தாவைக் கடந்தபின் நாம் நாவுலவை அடைகின்றோம். இத்தகைய வயலூர்களில், வாய்க்காற் கரையின் சேற்றைக் குனிந்து நோக்குவோர்க்கு நீர்ப்பிரமி காட்சி தரும். சிங்கள மக்கள் இதனை 'லுணுவில' என்பர். தரையிற் படரும் தண்டு கணுதோறும் வேர்விடும். சதைப்பற்றுள்ள சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இலைக் கக்கத்தில், தனிக் காம்பொன்றில், வெண்மையோ இளநீலமோ கொண்ட ஐயிதழ் மலர் விரியும்.

நினைவாற்றலை வளர்க்கும் மூலிகையெனச் சித்த, ஆயுள்வேத வைத்தியர்கள் இதனைப் போற்றுவர். ஆயின் ஒன்றை நாம் மறத்தலாகாது. நீரிற் கலந்த காட்மியம் முதலிய நச்சு உலோகங்களையும் இச்செடி உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைக்கும். கழிவுநீர் ஓடும் வாய்க்காலிற் பறித்தால் மருந்தே நஞ்சாகலாம். எனவே மூலிகை தேடுவோர் முதலில் அது வளரும் நீரின் தூய்மையை ஆராய்தல் நன்று. அந்நீரைக் காப்பதும் நம் கடனேயாகும்.