மேற்குச் சன்னல்

டிசம்பர் 25. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மேதக் பேராலயம், ஹைதராபாத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ஜூபிலி பஸ் நிலையத்தில் ஏறியவர்கள் மங்கி குல்லாயோடு இறங்குகிறார்கள்.

உள்ளே ஆராதனை. மெழுகுவத்திகள், தெலுங்குப் பாட்டு, நெரிசல். ஐயாயிரம் பேர் கொள்ளும் ஆலயம், இன்று கொள்ளவில்லை. பிரசங்கம் பெத்லகேமின் இரவைப் பற்றி.

மேற்குச் சுவரில் கிறிஸ்து பிறப்புச் சன்னல். இப்போது அது வெறும் கறுப்பு. நடந்தது இரவில். ஆனால் வண்ணக் கண்ணாடிக்கு வெளியே பகல் வேண்டும்.

ஒரு சிறுவன் அந்தக் கறுப்பையே பார்க்கிறான். அப்பா அவன் தலையைப் பிடித்துப் பீடத்தின் பக்கம் திருப்புகிறார். தலை மறுபடி திரும்புகிறது.

வெளுக்கிறது. முதலில் நிறம் ஏறுவது கிழக்குச் சன்னலில். அங்கே இருப்பது சிலுவை. அதன் கீழே நின்று ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ சொல்லிக் கைகுலுக்குகிறார்கள்.

வெளியே கடைகள். வளையல், பலூன், வறுகடலை. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் படங்கள். எல்லாவற்றிலும் அதே மாட்டுக்கொட்டில்.

இடப்பக்கம் மேய்ப்பர்கள். லூக்காவின் ஆட்கள். வலப்பக்கம் மூன்று சாஸ்திரிகள். மத்தேயுவின் ஆட்கள். மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. ஒரு சுவிசேஷத்தில் சந்திக்காதவர்கள் ஒரு சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பின்னால் எருதும் கழுதையும். அவை இரண்டு சுவிசேஷத்திலும் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து நடந்து வந்தவை.

எல்லாக் கண்களும் முன்னணையில். நட்சத்திரத்தை யாரும் பார்ப்பதில்லை. அது வழி காட்டி முடித்துவிட்டது.

யோசேப்பின் கையில் விளக்கு. வெளிச்சமோ குழந்தையிடமிருந்து வருகிறது. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்வீடனின் பிரிஜித்தா கண்ட தரிசனம் இப்படி. முழந்தாளிட்ட தாயையும் ஒளிவிடும் சிசுவையும் ஐரோப்பிய ஓவியர்கள் அதன்பின் விடவில்லை. காலண்டர் அச்சகங்களும் விடவில்லை.

முன்னால் ஓர் ஆட்டுக்குட்டி. கால்கள் கட்டியிருக்கின்றன. ஏன் கட்டியிருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்கிறாள். அம்மா விலை கேட்கிறாள். கடைக்காரர் விலைக்கு மட்டும் பதில் சொல்கிறார். படம் சுருள்கிறது, ரப்பர் பேண்ட் ஏறுகிறது. யோசேப்பு ஓரத்தில் மடங்குகிறார்.

பிற்பகல். வெயில் மேற்கே இறங்குகிறது. சன்னல் எரிகிறது. இத்தாலியக் கொத்தர்கள் பதித்த தரை ஓடுகளில் நீலமும் சிவப்பும் சிந்துகின்றன. ஒரு பெண் முந்தானையில் விழுந்த சிவப்பைத் தட்டிவிடுகிறாள். போகவில்லை. சிரிக்கிறாள்.

செல்பேசிகள் உயர்கின்றன. சன்னலுக்கு முன் நிற்கும் குடும்பங்கள் படத்தில் கறுப்பாக விழுகின்றன. அம்மா, அப்பா, பிள்ளை, மூன்றும் நிழல். மறுபடி எடுக்கிறார்கள். மறுபடி நிழல்.

தூண் அருகே ஒருவர் கூட வந்தவர்களுக்கு ஒப்பிக்கிறார். சார்லஸ் வாக்கர் போஸ்நெட் கட்டினார். பஞ்சத்தில் ஜனங்களுக்கு வேலையும் சோறும். பத்து வருஷம். திறந்தது 1924, இதே டிசம்பர் 25. கோபுரம் 175 அடி. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கோபுரம் வெளியே இருக்கிறது.

பிறப்பு, சிலுவை மரணம், பரமேறுதல். மூன்று சன்னல்களும் லண்டன் ஓவியர் பிராங்க் சாலிஸ்பரியின் கைவேலை. வந்து சேர்ந்த வரிசை வேறு. பரமேறுதல் 1927. பிறப்பு 1947. சிலுவை மரணம் 1958.