ஈயக்குண்டு

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைல வலை பழுது பாத்துட்டிருந்த அண்ணாச்சி பக்கத்துல ஒரு சின்னப் பய.
வாயில எதையோ போட்டு உருட்டிட்டிருந்தான்.
பாத்தா, வலையில கோக்குற ஈயக்குண்டு!

பதறிப்போய் வாங்கிட்டேன்.
"நாங்கல்லாம் இப்படித்தான வளந்தோம்"ன்னாரு அண்ணாச்சி.

மனசு கேக்கல.

உள்ள போற ஈயத்தை உடம்பு கால்சியம்னு நெனச்சு எலும்புல சேத்து வச்சிக்கும்.
பெரியவங்கள விட 4, 5 மடங்கு புள்ளைங்க உடம்பு உறிஞ்சும்.
மூளைய பாதிச்சா திரும்ப சரியாகாது.
உலகத்துல 3 புள்ளைல 1 புள்ளைக்கு ரத்தத்துல ஈயம் அதிகம்னு 2020-ல யுனிசெஃப் சொல்லுச்சு.

ஆலைப் புகைக்கு எதிரா தெருவுல நின்ன ஊருய்யா இது. வீட்டுக்குள்ள வர்ற ஈயத்த மட்டும் விடலாமா?

குண்டு உருக்குற சட்டிய சமையல் அடுப்புல ஏத்தாதீங்க.
வலையத் தொட்ட கையோட புள்ளைக்குச் சோறு ஊட்டாதீங்க.

உங்க வீட்டுல வலை எங்க கெடக்கு?