கணக்கு வராது என்னும் பேச்சு

நம்மவர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் கணக்கு வராது" என்பர். காய்ச்சல் வரும், மழை வரும் என்பதுபோலக் கணக்கும் எங்கிருந்தோ தானாக வந்து சேரவேண்டியது எனவும், வாராதார்க்கு வாராதே போம் எனவும் இவர்கள் கருதுகின்றனர் போலும். சமையல் வரவில்லை என்று ஒரு பெண் சொன்னால் "பழகினால் வரும்" என்று மறுமொழி கூறும் அதே தாய்மார், கணக்கு என்றதும் நெற்றியைத் தொட்டுக்காட்டித் தலையெழுத்தின்மேற் பழியைப் போடுகின்றனர். இப்பேச்சைக் கேட்டே பாதி வழியில் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தோட்டத்திலும் கண்டிருக்கிறோம், நகரத்திலும் கண்டிருக்கிறோம்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். வயது முப்பத்தைந்து. மலேசியப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதற்கொண்டு கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படலாயின. அவ்வாண்டில் இடைநிலைப் பள்ளியிற் புகுந்தோம். ஆகவே நாம் பெற்ற ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கணிதத்தின் வாயிலாகப் பெற்றதே. நம் அன்னையார் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளியிற் கால் வைத்தறியார். எனினும் நிறுத்த பால் இத்தனை கிலோ, அதில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு இத்தனை, ஆகவே இன்றைய கூலி இவ்வளவு என்று கொட்டகையில் நின்றபடியே மனத்திற் கணக்கிட்டு, கிராணி எழுதிய தொகையோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அவரும் "நம்ம குடும்பத்துக்குக் கணக்கு வராதுப்பா" என்று சொல்பவர்தாம்!

அவர் அவ்வாறு சொன்னது நம் தம்பியைப் பற்றி. அவன் பகலிற் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து, மாலையில் அங்குள்ள சர்வகலாசாலை ஒன்றில் மின்னணுப் பொறியியல் பயில்கிறான். இரண்டாம் ஆண்டின் கணிதத் தாளில் தவறினான். மறுமுறையும் தவறினால் படிப்பையே விட்டுவிடுவதென்று தனக்குள் முடிவு கட்டியிருந்தான். அதுகாறும் கட்டிய கட்டணத்தில் அவன் சேமிப்பும் இருந்தது. நம் சம்பளமும் இருந்தது. அன்னையாரின் காதணியும் இருந்தது.

ஞாயிறுதோறும் விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து நாம் அவனிடம் போகத் தொடங்கினோம். தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதியிற் காலை ஏழரை மணிக்கு இடம் பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு தேநீரே போதும். பின்னர் விக்டோரியா சாலையில் உள்ள தேசிய நூலகத்திற்கு நடந்து சென்றுவிடலாம். முதல் ஞாயிறே அவன் கேட்ட கேள்வி இது: "அண்ணே, சர்க்கியூட் பலகையைப் பழுது பார்க்கிறவனுக்கு மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் எதற்கு? இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு இருக்கிற மின்சாரத்தை எப்படி அளப்பது?"

நியாயமான கேள்வி. சூத்திரத்தை மனனம் செய், கேள்வி கேளாதே என்று சொல்லும் ஆசிரியர்கள் இக்கேள்வியைக் கண்டு அஞ்சுகின்றனர். விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. இதே சிங்கப்பூரின் கடற்கரைக்குப் போனாற் போதும்.

1870-71ஆம் ஆண்டுகளிற் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக்கம்பி இடப்பட்டது. அக்காலத்துக் கடற்கம்பிகளைத் தண்ணீர் தீண்டாமற் காத்த உறை குட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். நம் தீபகற்பத்துக் காடுகளில் மரங்களை வெட்டி வீழ்த்தி எடுத்தது. 1843இல் மாண்ட்கமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். ரப்பருக்கு முன்னரே நம் காட்டுப் பால் உலகத்தின் பேச்சைச் சுமந்தது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

நீண்ட கடற்கம்பிகளில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு முனையிற் கூர்மையாக அனுப்பிய துடிப்பு, மறுமுனையில் ஊறிய மைபோலப் பரந்து, முன்னதும் பின்னதும் ஒன்றோடொன்று கலந்து வந்தது. கம்பியின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் 1850களிற் கணித்தார். அவருக்கு அக்கணக்கைத் தந்தது மின்சார நூலன்று. ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞர் வெப்பத்தைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூல். இரும்புக் கோலின் ஒரு முனையைக் காய்ச்சினால் மறுமுனை மெல்ல மெல்லச் சூடாவது எவ்விதமோ, அவ்விதமே மின்னழுத்தம் அக்கம்பியிற் பரவுகிறது.

ஃபூரியேயின் கருத்தைத் தம்பிக்கு நாம் விளக்கிய விதம் இது. கலியாண வீட்டில் நாதசுரமும் தவிலும் ஒத்தும் ஒருங்கே ஒலிக்கின்றன. காதுக்குள் வருவது ஒரே காற்றின் அதிர்வுதான். எனினும் இது நாதசுரம், இது தவில் என்று பிரித்தறிகிறோம். எத்துணைக் கோணலான அதிர்வையும் தூய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரித்தெழுதலாம் என்பதே ஃபூரியே சொன்னது. கூர்மையான துடிப்பில் வேக அலைகள் நிறைய உண்டு. கடற்கம்பி வேக அலைகளை மிகுதியாக நலிவித்து, மெதுவான அலைகளைக் குறைவாக நலிவிக்கிறது. ஆகவே துடிப்பின் உருவம் கெடுகிறது.

இனி அந்த 'இல்லாத' எண். ஓர் எண்ணை மைனஸ் ஒன்றாற் பெருக்கினால் அது எண்கோட்டில் நேர் எதிர்ப்புறம் திரும்புகிறது. அதாவது 180 பாகை. அத்திருப்பத்தை இரண்டு சமமான திருப்பங்களாகச் செய்யவேண்டின், ஒவ்வொன்றும் 90 பாகை. அந்தக் கால்வட்டத் திருப்பமே மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம். மின்தேக்கியில் மாறுமின்னோட்டம் அழுத்தத்திற்குக் கால்வட்டம் முந்தி ஓடுகிறது. சுருளிற் கால்வட்டம் பிந்தி ஓடுகிறது. மழைக்கும் குலைக்கும் இடையே பல மாதப் பின்னடைவு இருப்பதைச் செம்பனைத் தோட்டத்தில் யாரும் மாயம் என்பதில்லை. மழைப்பதிவையும் விளைச்சற் பதிவையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றனர். சிக்கலெண் அவ்விரண்டு பதிவுகளையும் ஒரே எண்ணில் அடக்கிய குறிப்பேடு. 1893இல் ஸ்டைன்மெட்ஸ் இம்முறையை மின்பொறியாளர்க்கு எடுத்துக்காட்டினார். இதைக் கேட்டதும் தம்பி சற்று நேரம் பேசவில்லை, பிறகு, "இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் என்ன, அண்ணே?" என்றான்.

தந்திக்கம்பியின் தொல்லையைத் தீர்க்கும் வழி சொன்னவரோ நம் இனத்தவர். அதாவது, கிராணி இனத்தவர். ஆலிவர் ஹெவிசைடு பதினாறு வயதிற் பள்ளியை விட்டவர். தந்தி நிலையத்தில் வேலை பார்த்தார். 1874இல் அவ்வேலையையும் விட்டு, பெற்றோர் வீட்டிலிருந்து கணிதம் படித்தார். மாக்ஸ்வெல்லின் நூல் முதலில் விளங்கவில்லை, விளங்கும்வரை விடவில்லை. கம்பியிற் சுருள்தன்மையைத் தக்க அளவிற் கூட்டினால் எல்லா அலைகளும் ஒரே விகிதத்தில் நலிந்து, ஒரே வேகத்திற் செல்லும். உருவம் கெடாது என்று 1887இற் காட்டினார். வகையீட்டுச் சமன்பாடுகளைச் சாதாரண இயற்கணிதம்போற் கையாளும் முறையையும் வளர்த்தார். அதற்கு நிறுவல் எங்கே என்று கேட்டு, அவருடைய கட்டுரையின் மூன்றாம் பகுதியை ராயல் சொசைட்டி 1894இல் மறுத்தது. அம்முறைக்கு ஒழுங்கான அடிப்படை பின்னர் லாப்லாஸ் உருமாற்றத்தின் வழியே அமைந்தது. தம்பி தவறிய தாளில் அது பாதி. ஹெவிசைடுக்கு வீட்ஸ்டன் என்ற பேர்பெற்ற விஞ்ஞானி நெருங்கிய உறவினர் என்பதையும் மறைத்தல் கூடாது. முழுதும் தனியாக நின்று முன்னேறினார் எவரும் இலர்.

இவ்விடத்தில் அன்பர்கள் இராமானுஜன் பெயரை எடுப்பர். அவரும் 1912இற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்திற் கிராணியாக இருந்தவர். ஆனால் நம்மவர் அவர் கதையைச் சொல்லும் முறை நமக்கு உடன்பாடன்று. நாமக்கல் தேவி கனவில் வந்து சூத்திரம் எழுதினாள் என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். கார் என்பவர் தொகுத்த, ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் அடங்கிய நூல் ஒன்று பதினாறு வயதிற் கைக்குக் கிடைத்ததும், அதை ஒவ்வொன்றாகத் தாமே பலகையிற் போட்டுப் பார்த்ததும், எப்.ஏ. தேர்விற் தவறியதும் கதையில் இடம் பெறுவதில்லை. தேவி வராத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்?

தம்பியிடம் வருவோம். சில வாரங்கள் அவன் விடைத்தாள்களை வரி வரியாகப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. அவன் இடறியது ஃபூரியேயிடத்தும் அன்று; லாப்லாஸிடத்தும் அன்று. பின்னத்தைப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்குமிடத்திலும், சைன், கோசைன் உருக்களை மாற்றியெழுதுமிடத்திலும் இடறினான். அவன் இடைநிலைப் பள்ளியில் அப்பாடங்கள் நடந்த ஓராண்டில் மூன்று ஆசிரியர் மாறினர். ஏணியின் நான்காம் படி இல்லாதவனைப் பத்தாம் படியில் நிறுத்தி, உனக்கு ஏற வராது என்று சொல்லியாயிற்று! சிங்கப்பூரில் இந்திய மாணவரின் கல்வி நிலையை ஆராய 1989இல் ஒரு செயற்குழு அமைந்து, 1991இற் சிண்டா தோன்றித் துணைப்பாட வகுப்புகள் நடத்தலாயிற்று. படியை முதலிற் செப்பனிடும் வேலை அது; நம் தோட்டப் பிள்ளைகளுக்கு அத்தகைய வகுப்பு ஐந்து மைலுக்குள் இருந்தாற் பெரும் பேறு.

ஆகவே மூன்று மாதம் சர்வகலாசாலைக் கணிதத்தை மூடிவைத்துப் பின்னங்களைப் போட்டோம். இருபத்தைந்து வயது இளைஞனுக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த மேசையில் யாரேனும் அமர்ந்தால் நோட்டைச் சாய்த்துக்கொள்வான். பிற்பகல்களில் சிராங்கூன் சாலையெங்கும் விடுமுறையிலுள்ள தொழிலாளர் நின்றுகொண்டு, தமிழ்நாட்டிலுள்ள தம் வீட்டாரோடு கைபேசியிற் பேசுவர். நான்காம் தலைமுறை வலையிற் செல்லும் குரல் ஒவ்வொன்றும் ஃபூரியே கணக்கின் ஊடாகவே செல்கிறது. அதைக் கருவி விரைந்து செய்தற்குரிய வழியை 1965இல் வெளியிட்டவர் இருவர், கூலி என்பவரும் டூக்கி என்பவரும். முன்னவர் பெயரைக் கேட்டுத் தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

மறுதேர்வில் தேறினான். மதிப்பெண் பெருமை பேசத்தக்கதன்று. அடுத்த பருவத்திற்கு நிகழ்தகவு. பிராஸ் பாசா கட்டடத்துப் பழைய புத்தகக் கடையில் அதற்கு ஒரு நூல் வாங்கி, இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். பக்கத்து லயத்துப் பையன் ஒருவன், நான்காம் படிவம் படிப்பவன், சனிக்கிழமை மாலைகளில் நம் வீட்டுக்கு வருகிறான். அவனுக்குப் பின்னங்களிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.