நின்றுபோன கடிகாரத்தை எறிந்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டு அலமாரியின் மூலையில், சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்று நின்றுபோய்க் கிடக்கின்றதா? தகப்பனார் கட்டியது, ஊரைவிட்டு இந்த நகரத்திற்கு வந்த நாளில் அவர் கையில் இருந்தது. எறிந்துவிட மனமில்லை, கட்டிக்கொள்ளவும் வழியில்லை. அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

நான் கடிகாரத் தொழில் பயின்றவன் அல்லன். ஓய்வு கிடைக்கும் திங்கட்கிழமைகளில் பழைய கடிகாரங்களைத் திறந்து ஆராய்வது என் பொழுதுபோக்கு. என் மேசையில் இருப்பவை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, இரண்டு சிறிய திருப்புளிகள், ஓர் இடுக்கி, காற்று ஊதும் ரப்பர்க் குமிழ் ஆகியவையே.

சென்ற ஆண்டு, மும்பையில் எங்கள் பகுதியில் வாழும் சகோதரி ஒருவர், மறைந்த தம் கணவரின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். மகனுடைய திருமண நாளில் அதை அவன் கையில் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கடைக்காரர் ஒருவரோ, "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் வைத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தார். "உள்ளே இருப்பதை மாற்றிவிட்டால் அது அவர் கட்டிய கடிகாரந்தானா, ஐயா?" என்று அச்சகோதரி கேட்டார். திருமணத்திற்கு அப்பொழுது இருபத்திரண்டு நாட்களே இருந்தன.

இந்தக் கடிகாரத்தை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகையால் பழுதான ஒரு பாகத்திற்கு மாற்று வேண்டுமானால், பெரும்பாலும் மற்றொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கின்றது. இருப்பதைக் காப்பாற்றுவதே நல்லது.

பழுதைக் கண்டுபிடிக்குமுன் அது ஓடும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது, ஒரு சிறு உருளைக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் சுருண்டு இறுகுகின்றது. அது விரிய முயலும் விசை பற்சக்கரங்களின் வழியே லிவருக்கு வருகின்றது. லிவர் இடமும் வலமும் தட்டி, பாலன்ஸ் சக்கரத்தை ஊசலாட வைக்கின்றது. மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங் அச்சக்கரத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி அழைக்கின்றது. ஜனதாவில் இத்துடிப்பு மணிக்கு 18,000. நாள் ஒன்றுக்கு 4,32,000. கடிகாரம் நின்றுவிட்டால், விசை எதுவரை வந்து எங்கே தடைப்படுகின்றது என்பதையே தேட வேண்டும்.

முதலாவது, மூடியைத் திறவாமலே சோதியுங்கள். சாவி எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அல்லது அதைப் பின்னோக்கிச் சுழலாமல் பிடித்திருக்கும் கிளிக் வழுகியிருக்கலாம். இறுகிய பின்னும் ஓடவில்லையென்றால் தடை வேறிடத்தில் உள்ளது. அடுத்து, முட்களை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஒன்றையொன்று உரசுகின்றனவா, கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். உரசும் முள்ளே போதும், கடிகாரத்தை நிறுத்திவிடும். அச்சகோதரியின் கடிகாரத்தில் சாவி நன்றாக இறுகியது, முட்களும் உரசவில்லை.

இரண்டாவது, பின்மூடியைத் திறந்து, ரப்பர்க் குமிழால் பாலன்ஸ் சக்கரத்தின்மேல் மெல்ல ஊதுங்கள். அது சிறிதும் அசையாமல் முடங்கினால் அதன் அச்சு முனையோ ஹேர் ஸ்பிரிங்கோ கெட்டிருக்கலாம். அது பழகாதவர்கள் தொடும் வேலையன்று. தடையின்றி ஊசலாடி, பின்பு தானே ஓய்ந்துபோனால், பெரும்பாலும் சக்கரம் நலமாயிருக்கின்றது, விசைதான் அதற்கு வந்து சேரவில்லை. நான் கண்டது இந்த இரண்டாம் நிலையையே.

மூன்றாவது, பாலன்ஸ் சக்கரத்தை அதன் தாங்கியோடு கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியின் நுனியால் லிவரைத் தொட்டுப் பாருங்கள். விசை வந்தால் லிவர் 'டக்' என்று மறுபுறம் தாவும். இங்கே அது செத்த ஈயின் கால்போல் அசைவற்றுக் கிடந்தது. ஆகவே தடை மெயின் ஸ்பிரிங்குக்கும் லிவருக்கும் நடுவே உள்ள சக்கரங்களில்தான் இருக்க வேண்டும். கண்ணாடியை வைத்துப் பல் பல்லாகத் தேடினேன். நொடி முள்ளைத் தாங்கும் நான்காம் சக்கரத்தின் சிறு பல்லிடுக்கில், அரை அங்குலமும் இல்லாத ஒரு வெள்ளை நூல் சுற்றிக்கொண்டிருந்தது! முன்பு யாரோ மூடியைத் திறந்தபோது விழுந்த துணி நூலாயிருக்க வேண்டும்.

வாசகரே, இவ்விடத்தில் அவசரப்படாதீர்கள். இறுகிய மெயின் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போது லிவரைக் கழற்றினால் சக்கரங்கள் வெறிகொண்டு சுழன்று, அச்சுமுனைகள் ஒடியக்கூடும். நூலை எடுக்கும்போதும் அடைபட்ட விசை திடீரென்று விடுபடும். ஆகவே சாவியை விரல்களால் பிடித்துக்கொண்டு, கிளிக்கை ஒதுக்கி, சாவி விரலிடுக்கில் மெதுவாகப் பின்சுழலும்படி விட்டு, விசை முழுவதையும் இறக்கினேன். பின்பே நூலை இடுக்கியால் எடுத்தேன். மறுபடி இரண்டு சுற்றுச் சாவி கொடுத்தேன், லிவர் தாவியது. பாலன்ஸைப் பொருத்தியதும் கடிகாரம் ஓடிற்று.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. டயல் மேல்நோக்கி இருக்க ஓடியது. சாவி கீழ்நோக்கி இருக்க நிறுத்தினால் சில நிமிடங்களில் நின்றது. பழைய எண்ணெய் பிசினாகி அச்சுமுனைகளைப் பற்றியிருந்ததே காரணம் என்று எண்ணினேன். பழைய அழுக்கின்மேல் புது எண்ணெய் விடுவது வீண் வேலை. ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி பட்டாலோ, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடிகாரம் கண்மண் தெரியாமல் விரைந்தோடும். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் கழுவி எண்ணெயிடுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்துவரும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் ஒரு பாகத்தையும் மாற்றவில்லை. பதினோராம் நாள் கடிகாரம் எல்லா நிலைகளிலும் ஓடியது. திருமண நாளில் அதை மகனுடைய கையில் தாயார் கட்டினார்.

ஆகவே, பிரியமானவர்களே, கடைக்காரர் மிஷினை மாற்றலாம் என்றால் உடனே தலையசைக்காதீர்கள். "எதனால் நின்றது?" என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள். ஓடத் தொடங்கிய பின்பு, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், இறுகும் மட்டும் சாவி கொடுங்கள். இறுகிய பின் வலிந்து திருகாதீர்கள். தண்ணீரையும் காந்தமுள்ள ஒலிபெருக்கிகளையும் விலக்குங்கள். அது யாருடைய கடிகாரம், எந்த ஆண்டு வாங்கப்பட்டது, அப்பொழுது அவருக்குக் கிடைத்த சம்பளம் எவ்வளவு என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவையுங்கள். அறிந்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.