உடம்புக்குள் ஒரு லோடு ஷெடிங்



எலும்பு பலவீனம் என்றதும் நம் மனக்கண்ணில் யார் வருகிறார்கள்? பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பாட்டி. கூன் விழுந்து, கம்பு ஊன்றி நடக்கும் எதிர்வீட்டு ஆயா. ஆனால் என் ரூம்மேட்டுக்கு அந்தப் பலவீனம் வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. அவள் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரை மட்டும் போடாதடி. மத்தது எல்லாம் எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றாள். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவள் 'என் தோழி'தான். விஷயம் மாதவிலக்கு பற்றியது என்று பையன்கள் யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்கள் வீட்டிலும் அக்கா தங்கைகள் உண்டு.

என் தோழி 5000 மீட்டர் ஓட்டக்காரி. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து கிரவுண்டுக்குப் போவாள். சாயங்காலம் லேப் முடிந்ததும் மறுபடியும் கிரவுண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவள் குளித்துவிட்டு மெஸ்ஸுக்கு வருவதற்குள் இட்லிப் பானை காலி. ஒரு பன், ஒரு டீ, ஓட்டமாக முதல் பீரியட். ராத்திரி "வெயிட் போட்டா டைமிங் போயிடும்டி" என்று இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவாள். முதல் வருடம் 47 கிலோ இருந்தவள் இரண்டாம் வருட முடிவில் 42. எல்லாரும் "செம ஃபிட்டா இருக்கே" என்றார்கள்.

இதற்கு நடுவே அவளுக்குப் பீரியட்ஸ் நின்று பத்து மாசம் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நம் ஊரில் கல்யாணமாகாத பெண் 'நாள் தள்ளிப் போச்சு' என்று சொன்னால் கேட்பவர் மனதில் ஒரே ஒரு அர்த்தம்தான் ஓடும். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பெண்கள் வாயைத் திறப்பதில்லை. இன்னொரு பக்கம், 'போட்டி நாள்ல தொல்லை இல்ல, நல்லதாப் போச்சு' என்ற நிம்மதி வேறு!

பொங்கல் லீவில் அவள் அம்மாவுக்குத் தெரிந்து, ஊரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று மாசத்துக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். மாசாமாசம் ரத்தப்போக்கு வந்தது. அம்மாவுக்குத் திருப்தி. மாத்திரை தீர்ந்தது, பீரியட்ஸும் நின்றது. அதற்கப்புறம்தான் கணைக்கால் வலி ஆரம்பித்தது. ஓடும்போது மட்டும் வலித்தது, பிறகு நடக்கும்போதும் வலித்தது, கடைசியில் ராத்திரி படுத்தாலும் வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் கீறல்: ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு உடனே புரியும். ஒரே அடியில் உடைவது இல்லை. சின்னச் சின்ன லோடு திரும்பத் திரும்ப விழுந்து வரும் ஃபெட்டீக் ஃபெயிலியர்.

அவளோடு துணைக்குப் போயிருந்தது நான்தான். எலும்பு டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, யாருமே எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்: "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" பதிலைக் கேட்டதும் ஒரு ஹார்மோன் டாக்டரம்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காலுக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்? அந்த டாக்டரம்மா விளக்கியதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறேன்.

ஃபியூஸ் போனது எங்கே?

நான் எலெக்ட்ரிகல் படிப்பவள், அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். சப்ளை குறைந்து லோடு கூடினால் சப் ஸ்டேஷனில் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி லைனை விட்டுவிட்டு மற்ற ஃபீடர்களை அணைப்பார்கள். உடம்பும் அதையே செய்கிறது. இதயம், மூளை, நுரையீரல் எல்லாம் ஆஸ்பத்திரி லைன். குழந்தை உண்டாக்கும் ஏற்பாடு, 'இப்போ அவசரமில்லை' என்று அணைக்கப்படும் ஃபீடர்.

இந்த ஸ்விட்ச் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கிறது. சாப்பாடு போதவில்லை, உழைப்பு அதிகம், மன அழுத்தமும் சேர்ந்துகொண்டது என்றால் அங்கிருந்து கிளம்பும் ஹார்மோன் துடிப்புகள் குறைகின்றன. அதனால் பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைகின்றன. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் குறைகிறது. பீரியட்ஸ் நிற்கிறது. கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ கோளாறு இல்லை. கன்ட்ரோல் பேனலே சப்ளையைப் பார்த்து ஆஃப் செய்துவிட்டது.

இதை ஒரு கணக்காகவும் போடலாம். என் தோழி 42 கிலோ. கொழுப்பைக் கழித்தால் சுமார் 35 கிலோ. சாப்பிட்டது சுமார் 1500 கலோரி. 12 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போனது சுமார் 500. மீதி 1000. அதை 35-ஆல் வகுத்தால், கிலோவுக்கு 28 சொச்சம். இது 45 அளவில் இருப்பது நல்லது. 30-க்குக் கீழே போனால் ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு தடுமாற ஆரம்பிக்கிறது என்று ஆன் லவுக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003-இல் காட்டினார். ஆளுக்கு ஆள் இந்தக் கோடு கொஞ்சம் மாறும். ஆனால் கணக்கு இடிக்கிறதா இல்லையா?

சரி, எலும்புக்கு வருவோம். நம் எலும்பு சிமெண்ட் தூண் மாதிரி ஒரு தடவை கட்டி முடித்த சமாச்சாரம் இல்லை. ஒரு கோஷ்டி செல்கள் பழைய எலும்பை இடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கோஷ்டி புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். இடிக்கிற கோஷ்டியை அளவோடு வைத்திருக்கும் மேஸ்திரிதான் ஈஸ்ட்ரோஜன். மேஸ்திரி லீவு போட்டால் இடிப்பு வேலை எகிறிவிடும். பட்டினியால் ஐ.ஜி.எஃப்.-1 போன்ற வளர்ச்சி ஹார்மோன்களும் குறைவதால் கட்டுகிற வேலையும் படுத்துவிடும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதில் கொடுமை என்னவென்றால், நம் வயதுதான் எலும்பைச் சேமிக்கும் வயது. இருபதுகளின் முடிவுக்குள் எலும்பு அதன் உச்ச அடர்த்தியை எட்டிவிடும். அப்புறம் ஆயுசு முழுக்க அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வதுதான். டெபாசிட் போட வேண்டிய வயதில் வித்டிராயல் செய்தால்?

1984-இல் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பீரியட்ஸ் நின்ற 14 வீராங்கனைகளையும் ஒழுங்காக வரும் 14 வீராங்கனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் குழுவின் சராசரி வயது சுமார் 25. அவர்களின் முதுகெலும்பு அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுக்கு இருப்பது போல இருந்தது!

இது ஏதோ நம் ஹாஸ்டல் மெஸ் பிரச்னை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2013-இல் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில், 17 வயதில் 1500 மீட்டர் இறுதி ஓட்டம் வரை வந்தவர் அமெரிக்காவின் மேரி கெய்ன். எடையைக் குறை, இன்னும் குறை என்று தன்னை விரட்டியதாகவும், மூன்று வருடம் பீரியட்ஸ் நின்றதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019-இல் அவரே வெளியில் சொன்னார். பணம், டாக்டர், டிரெயினர் எல்லாம் உள்ள இடத்திலேயே இந்தக் கதி.

வைத்தியம் என்ன?

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பீரியட்ஸ் நிற்பதற்கு தைராய்டு, புரோலாக்டின், நீர்க்கட்டி என்று நம்மிடையே சாதாரணமாகக் கேள்விப்படும் பி.சி.ஓ.எஸ். எனப் பல காரணங்கள் உண்டு. எல்லாமே எலும்பைத் தின்பதில்லை, பி.சி.ஓ.எஸ்.ஸில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முதல் டெஸ்டே கர்ப்பப் பரிசோதனைதான். அதைக் கேட்டதும் என் தோழியின் அம்மா முகம் சிவந்துவிட்டது. டாக்டரம்மா, "அம்மா, இது சந்தேகம் இல்ல, வழக்கம். என் பொண்ணு வந்தாலும் இதைத்தான் முதல்ல எழுதுவேன்" என்றார். அதோடு பிரச்னை தீர்ந்தது.

பீரியட்ஸ் ஆறு மாசத்துக்கு மேல் நின்றிருந்தால் எலும்பு அடர்த்தியை டெக்ஸா என்ற ஸ்கேனில் பார்ப்பார்கள். சில நிமிடம் படுத்திருந்தால் போதும், வலி இல்லை. நம் வயதுக்காரர்களுக்கு இசட் ஸ்கோர் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அதே வயதுப் பெண்களோடு ஒப்பிடும் எண் அது. மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. என் தோழிக்கு முதுகெலும்பில் மைனஸ் 2.1.

ஹார்மோன் மாத்திரை என்ன செய்தது? 'ரத்தப்போக்கு வந்துச்சே, அப்ப சரியாயிடுச்சுதானே?' இல்லை! சர்க்யூட்டில் கோளாறு இருக்கும்போது மீட்டர் முள்ளைக் கையால் தள்ளி வைத்த மாதிரிதான் அது. ரத்தப்போக்கு மாத்திரையால் வந்தது, உடம்பால் அல்ல. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது, எலும்பு கட்ட உதவும் ஐ.ஜி.எஃப்.-1-ஐ இன்னும் குறைக்கவும் செய்கிறது. அதனால்தான், எலும்பைக் காப்பாற்ற மட்டும் கருத்தடை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று 2017-இல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல் வெளியிட்டது. வயதானவர்களுக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்தும் நமக்கு ஆகாது என்கிறது அதே வழிகாட்டுதல். அது எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும். நாளைக்குத் தாயாகப் போகிறவர்களுக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்படியானால் மருந்து எது? சாப்பாடு! கூடவே ஓய்வு. டாக்டரம்மா எழுதிய பிரிஸ்கிரிப்ஷனைப் பார்த்து நாங்களே அசந்துபோனோம். ஓட்டம் எட்டு வாரம் கிடையாது. பிறகு வாரம் மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வேளையும் தவறக் கூடாது. காலையில் கேழ்வரகுக் கூழ், முட்டை இரண்டு, பதினொரு மணிக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும், ராத்திரி பால். எடை 47-க்குத் திரும்ப வேண்டும். கூடவே கால்சியம், வைட்டமின் டி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1000. ஆனால் கால்சியம் மாத்திரையை மட்டும் முழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால் பிரயோஜனம் இல்லை. செங்கல் வந்து இறங்கியிருக்கும், மேஸ்திரி வந்திருக்க மாட்டார்.

மனதுக்கும் வைத்தியம் உண்டு. சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், எடை மெஷினைப் பார்த்தால் பதற்றம் என்று இருப்பவர்களுக்கு கவுன்சலிங் மிகவும் முக்கியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்து மாதக்கணக்கில் பீரியட்ஸ் திரும்பாவிட்டால், தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையும், மாசத்தில் சில நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் சிறிது காலம் கொடுப்பார்கள். பட்டையில் உள்ளது நேராக ரத்தத்தில் சேர்கிறது, முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. பாஸ்டன் நகரில் கேத்ரின் அக்கர்மன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாதம் பட்டை ஒட்டிய இளம் வீராங்கனைகளுக்கு எலும்பு அடர்த்தி கூடியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் பட்டையும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. சாப்பாட்டுக்குப் பதில் அல்ல.

என் தோழிக்குப் பட்டை தேவைப்படவில்லை. ஏழாவது மாசம், ஒரு மாடல் எக்ஸாம் அன்று, தானாகவே பீரியட்ஸ் வந்தது. "வந்துடுச்சுடி!" என்று அவள் கத்திய சத்தத்தில் வார்டன் மேடமே ஓடி வந்துவிட்டார். ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மைனஸ் 1.8. முன்னேற்றம்தான், ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. இழந்த எலும்பு அத்தனையும் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. டிரிங்க்வாட்டரும் 1986-இல் இதையே பார்த்தார்: பீரியட்ஸ் திரும்பியவர்களுக்கு ஒன்றேகால் வருடத்தில் சுமார் 6 சதவீதம் அடர்த்தி கூடியது, ஆனாலும் மற்றவர்கள் அளவுக்கு எட்டவில்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தோழிகளே, மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். பதினைந்து வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலோ, ஒழுங்காக வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் மூன்று மாசம் வராவிட்டாலோ, டாக்டரைப் பாருங்கள். ரத்தப்போக்கு வர மாத்திரை கொடுத்தால், 'ஏன் நின்னுச்சு மேடம்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஓடுங்கள், ஆடுங்கள், ஆனால் ஓடுவதற்கு ஏற்ற மாதிரி சாப்பிடுங்கள்.

கடைசியாக நம் யூனியனுக்கும் மெஸ் கமிட்டிக்கும் ஒரு வேண்டுகோள். காலைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு டிபன் தனியாக எடுத்து வையுங்கள். ஆறு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். கப் வாங்கி வரும்போது மட்டும் கைதட்டினால் போதாது. அடுத்த மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 

– மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை